லிப்ரே ஒஃபிஸ் முன்வெளியீட்டை வேலைக்கு இடையூறின்றி நிறுவிச் சோதிப்பது எப்படி: திருகோணமலைப் பயனாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

அலுவலக மென்பொருள் ஒன்றின் அடுத்த பதிப்பு எல்லோருக்குமாக வெளியாவதற்குச் சில வாரங்கள் முன்னர், பரிசோதித்துப் பார்ப்பதற்கென்று ஒரு பதிப்பு விடப்படுவதுண்டு. இதை முன்வெளியீடு என்கிறோம். லிப்ரே ஒஃபிஸ் என்னும் இலவச மென்பொருளின் முன்வெளியீட்டை யாரும் தரவிறக்கி நிறுவலாம். அதற்குக் கட்டணமோ அனுமதியோ தேவையில்லை. புதிய வசதிகளை முந்திப் பார்க்கலாம் என்ற ஆவலில்தான் பலர் இதற்கு வருகிறார்கள். அந்த ஆவலில் தவறில்லை. ஆனால் நமக்கு இதில் அதைவிடப் பெரிய நன்மை ஒன்று உண்டு. தமிழ் எழுத்துகளிலும், தமிழும் சிங்களமும் ஒரே தாளில் வரும் கடிதங்களிலும் புதிய பதிப்பு ஏதேனும் பிசகு செய்தால், அது எல்லோருடைய கணினிக்கும் போய்ச் சேருமுன்னரே எடுத்துச் சொல்லித் திருத்த வைக்கும் வாய்ப்பு இந்தச் சில வாரங்களில்தான் கிடைக்கிறது. மென்பொருளை எழுதுகிறவர்களில் மிகப் பெரும்பாலானோருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஒரு கொம்பு இடம் மாறி நின்றாலும் அவர்களுடைய கண்ணில் அது படாது.

திருகோணமலையில் சங்கங்களுக்கும் பாடசாலை அலுவலகங்களுக்கும் கணினி வேலைகளில் உதவிவரும் ஒருவர் என்ற முறையில், இதைச் செய்ய விரும்புகிறவர்களிடம் நான் முதலில் வலியுறுத்துவது ஒரே ஒரு நிபந்தனையைத்தான்: முன்வெளியீடு உங்களுடைய வேலைப் பதிப்பின் பக்கத்தில் இருக்க வேண்டும், அதன் இடத்தில் இருக்கக் கூடாது. கிண்ணியாவிலோ மூதூரிலோ ஒரு மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கும், அங்கத்தவர் பட்டியலும், கூட்டறிக்கைகளும் ஒரே கணினியில்தான் பெரும்பாலும் இருக்கும். அந்தக் கணினியில் நாளை காலை கடிதம் அச்சிட முடியாமற் போனால், மென்பொருள் உலகுக்குச் செய்த உதவி சங்கத்துக்குச் செய்த உபத்திரவமாக முடியும். கீழே சொல்லப்படும் படிகள் எல்லாம் இந்த ஒரு நிபந்தனையைக் காப்பதற்காகவே இந்த ஒழுங்கில் அமைந்திருக்கின்றன.

எந்தப் பதிப்பை எடுப்பது, எப்போது எடுப்பது

லிப்ரே ஒஃபிஸை வெளியிடும் டொக்யுமென்ட் ஃபவுண்டேசன் 2010 செப்டெம்பர் 28 அன்று அறிவிக்கப்பட்ட அமைப்பு, முதற்பதிப்பான 3.3 அடுத்த ஆண்டு சனவரியில் வெளிவந்தது. ஆண்டுக்கு இருமுறை, பெப்ரவரியையும் ஒகஸ்டையும் குறிவைத்துப் பெரிய பதிப்புகள் வருகின்றன. 2024 ஆம் ஆண்டிலிருந்து பதிப்பின் எண்ணிலேயே ஆண்டும் மாதமும் அமைந்துவிடுகின்றன: 25.2 என்றால் 2025 இன் பெப்ரவரிப் பதிப்பு, 25.8 என்றால் அதே ஆண்டின் ஒகஸ்ட் பதிப்பு. இவற்றுக்கு முன்னர் அல்ஃபா, பீட்டா, ஆர்.சி. (ரிலீஸ் கண்டிடேட், அதாவது இறுதி வெளியீடாகக்கூடிய பதிப்பு) என்னும் மூன்று கட்டங்கள் உள்ளன. இவற்றைத் தவிர, அன்றன்று நடந்த திருத்தங்களோடு நாள்தோறும் தொகுக்கப்படும் பதிப்புகளும் கிடைக்கின்றன. புதியவர்கள் அவற்றைத் தொடக்கத்திலேயே தொட வேண்டியதில்லை.

இந்த மூன்று கட்டங்களுக்கும் இடையில் புதியவர் அறிந்திருக்க வேண்டிய வேறுபாடு ஒன்றுண்டு. அதை அறியாமல் நிறுவுவதாலேயே பெரும்பாலான சிக்கல்கள் வருகின்றன. அல்ஃபாவும் பீட்டாவும் 'லிப்ரே ஒஃபிஸ் டெவ்' என்ற வேறு பெயரில், வேறு கோப்புறையில், வேறு அமைப்புகளோடு நிறுவப்படும். ஏற்கெனவே உள்ள லிப்ரே ஒஃபிஸை அவை தொடுவதில்லை. ஆர்.சி. பதிப்போ அப்படியன்று. அது வழமையான லிப்ரே ஒஃபிஸ் என்ற பெயரிலேயே வந்து, விண்டோஸ் கணினியில் உள்ள பழைய பதிப்பை எடுத்துவிட்டு அதன் இடத்தில் அமர்ந்துவிடும். கடைசி ஆர்.சி.யில் வெளியீட்டைத் தடுக்கக்கூடிய வழு (மென்பொருட் பிழை) ஏதும் மீதமில்லை என்று கண்டால் அதையே இறுதி வெளியீடாக அறிவிப்பார்கள் என்பதால்தான் இந்த ஏற்பாடு. ஆகவே புதியவர் எடுக்க வேண்டியது பீட்டா. ஆர்.சி.யைச் சோதிக்க விரும்பினால் அதற்கு வேலைக்குப் பயன்படாத இன்னொரு கணினி வேண்டும்.

பீட்டாவைப் பரிந்துரைப்பதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. ஆர்.சி. கட்டத்துக்குப் போய்விட்டால், ஒரு திருத்தத்தை உள்ளே எடுப்பதற்கு ஒருவருக்கு மேற்பட்டோர் அதைப் பார்த்துச் சம்மதிக்க வேண்டும். மிக அவசியமானவை மட்டுமே உள்ளே போகும். பீட்டாவின்போது சொல்லப்படும் குறைக்கு அந்த வெளியீட்டிலேயே திருத்தம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். பெப்ரவரிப் பதிப்பின் பீட்டா பெரும்பாலும் டிசம்பரில் வரும். ஒகஸ்ட் பதிப்பின் பீட்டா ஜூன் மாதத்தை ஒட்டி வரும். முதலாவது நமக்கு வாடைக்காற்றும் மழையும் மின்தடையும் சேர்ந்த காலம். இரண்டாவது கச்சான் காற்று வீசும் வறண்ட காலம். முதன்முறையாக இதைச் செய்கிறவர் ஜூன் மாதத்துப் பீட்டாவில் தொடங்குவது நிம்மதியானது என்பது என் கருத்து.

மைக்ரோசொஃப்ட் 365 வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். அதிலும் இன்சைடர் என்னும் திட்டத்தின் கீழ் பீட்டா சனல் என்றும், கரண்ட் சனல் முன்னோட்டம் என்றும் இரண்டு வழிகள் உள்ளன. 'ஃபைல்' பட்டியலில் உள்ள 'அக்கவுண்ட்' பக்கத்திலிருந்து சேரலாம். முன்னையதற்கு நிறுவனத்தின் உத்தியோகபூர்வ ஆதரவு கிடையாது, பின்னையதற்கு உண்டு. ஆனால் நிலையான பதிப்பையும் முன்னோட்டப் பதிப்பையும் ஒரே கணினியில் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருக்க அங்கு இடமில்லை. அதனால் நான் மேலே சொன்ன நிபந்தனை அங்கே நிறைவேறாது. அலுவலகக் கணினியில் அதைச் செய்யாமலிருப்பதே நல்லது. இனி இக்கட்டுரையில் சொல்லப்படுவதெல்லாம் லிப்ரே ஒஃபிஸ் பீட்டாவைப் பற்றியதே.

தொடங்குமுன்

முதலில் கணினி தகுதியானதா என்று பாருங்கள். 25.8 பதிப்பிலிருந்து விண்டோஸ் 7, 8, 8.1 ஆகியவற்றுக்கு லிப்ரே ஒஃபிஸ் ஆதரவு தருவதில்லை. விண்டோஸ் 10 அல்லது 11 இருக்க வேண்டும். நம் பகுதியில் பழைய விண்டோஸ் 7 கணினிகள் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதால் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன். அத்தகைய கணினியில் முயற்சி செய்து நேரத்தையும் தரவையும் செலவழிக்க வேண்டாம்.

அடுத்தது காப்புப் பிரதி. இரண்டு பொருட்களைப் பிரதியெடுக்க வேண்டும். ஒன்று உங்கள் ஆவணங்கள். அவை இருக்கும் கோப்புறையை முழுதாக ஒரு பென் ட்ரைவிலோ வெளி வன்தட்டிலோ எடுத்து, அதைக் கணினியிலிருந்து கழற்றி வையுங்கள். மற்றது லிப்ரே ஒஃபிஸின் பயனாளர் அமைப்புக் கோப்புறை. பலருக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாது. நீங்கள் பல மாதங்களாகச் சொற்பட்டியலில் சேர்த்த ஊர்ப்பெயர்கள், தானாகத் திருத்தும்படி அமைத்த சொற்கள், சங்கத்தின் கடிதத் தலைப்போடு செய்து வைத்த வார்ப்புருக்கள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. விண்டோஸில் உங்கள் பெயரிலுள்ள கோப்புறைக்குள் 'ஆப் டேட்டா' என்ற மறைந்த கோப்புறை, அதற்குள் 'ரோமிங்', அதற்குள் 'லிப்ரே ஒஃபிஸ்', அதற்குள் '4' என்ற எண், அதற்குள் 'யூசர்' என்று போய்ப் பாருங்கள். பதிப்பு எண் 25 ஆனாலும் 26 ஆனாலும் கோப்புறையின் பெயர் 4 என்றே இருக்கும். அதைக் கண்டு குழம்ப வேண்டாம். லிப்ரே ஒஃபிஸை முற்றாக மூடிவிட்டு இந்த 'யூசர்' கோப்புறையைப் பிரதியெடுத்து வையுங்கள். பீட்டா வேறு கோப்புறையில் தனக்கென்று அமைப்புகளை உருவாக்கிக்கொள்ளும் என்பதால் இது தொடப்படாது. ஆயினும் தவறுதலாக ஆர்.சி.யை நிறுவிவிட்டால் இந்தப் பிரதிதான் உங்களைக் காப்பாற்றும்.

மூன்றாவதாக, சோதனைக்கென்று ஒரு கோப்புறை உருவாக்கி, நீங்கள் அடிக்கடி கையாளும் ஆவணங்களில் ஐந்தாறைப் பிரதியெடுத்து அதற்குள் இடுங்கள். மும்மொழிக் கடிதத் தலைப்புள்ள ஒரு கடிதம், அங்கத்தவர் பட்டியல் அட்டவணை ஒன்று, படங்களோடு கூடிய நீண்ட அறிக்கை ஒன்று, பிறர் மைக்ரோசொஃப்ட் வேர்டில் செய்து அனுப்பிய கோப்பு ஒன்று என்றவாறு வகைக்கு ஒன்றாக இருப்பது நல்லது. பீட்டாவில் திறக்கப்படும் கோப்புகள் இந்தக் கோப்புறையிலிருந்து மட்டுமே திறக்கப்பட வேண்டும். புதிய பதிப்பில் சேமித்த ஆவணத்தைப் பழைய பதிப்பில் திறக்கும்போது புதிய வசதிகளோடு தொடர்புடைய சில அமைப்புகள் இழக்கப்படலாம் என்பதே காரணம்.

தரவிறக்கமும் சரிபார்ப்பும்

லிப்ரே ஒஃபிஸின் உத்தியோகபூர்வ தளத்தில் தரவிறக்கப் பக்கத்துக்குச் சென்றால், நிலையான பதிப்புக்குக் கீழே 'டெவலப்மென்ட் வேர்சன்ஸ்' என்ற பகுதியைக் காணலாம். முன்வெளியீடு ஏதும் நடப்பில் இருந்தால் அது அங்கே பட்டியலிடப்பட்டிருக்கும். பெயரில் பீட்டா என்ற சொல் இருக்கிறதா என்பதை இரண்டு முறை பாருங்கள். வேறு தளங்களிலிருந்தோ, யாரோ வட்ஸ்அப்பில் அனுப்பிய இணைப்பிலிருந்தோ எடுக்க வேண்டாம்.

விண்டோஸுக்கான கோப்பு ஏறத்தாழ 350 மெகாபைட் அளவானது. கையடக்கத் தொலைபேசியின் தரவைக் கணினிக்குப் பகிர்ந்து இறக்குகிறவர்களுக்கு இது சிறிய அளவன்று. உங்கள் இணையப் பொதியில் இரவு நேரத்துக்கெனத் தனியான தரவு இருந்தால் அந்த நேரத்தில் இறக்குங்கள். உதவிப் பக்கங்கள் தனிக் கோப்பாக இருக்கும்; சோதனைக்கு அது தேவையில்லை.

இறக்கிய கோப்பு முழுமையாக வந்திருக்கிறதா, வழியில் யாரும் மாற்றவில்லையா என்பதை உறுதிசெய்ய ஷா-256 என்னும் சரிபார்ப்பு எண் உதவுகிறது. இது எண்களும் ஆங்கில எழுத்துகளுமாக 64 குறிகள் கொண்ட நீண்ட தொடர். தரவிறக்கப் பக்கத்தில் கோப்பின் விவரங்களுக்கான இணைப்பை அழுத்தினால் தளம் தரும் தொடரைக் காணலாம். உங்கள் கணினியில் செவன்-ஸிப் என்ற இலவச மென்பொருள் இருந்தால், இறங்கிய கோப்பின் மேல் வலது சொடுக்குச் செய்து அதன் பட்டியலில் ஷா-256 ஐத் தெரிவு செய்யலாம். விண்டோஸ் 11 இல் கூடுதல் தெரிவுகளைக் காட்டும்படி கேட்ட பின்னரே இது தென்படும். இரண்டு தொடர்களின் முதல் எட்டும் கடைசி எட்டும் ஒத்திருந்தால் கோப்பு முழுமையாக வந்திருக்கிறது என்று கொள்ளலாம். முழுத் தொடரையும் ஒட்டி ஒப்பிட்டால் ஐயத்துக்கே இடமில்லை. ஒத்துவராவிட்டால் கோப்பை அழித்துவிட்டு மறுபடியும் இறக்குங்கள். இணைப்பு அடிக்கடி அறுபடும் இடங்களில், அரைகுறையாக இறங்கிய கோப்பை நிறுவ முயன்றுவிட்டு மென்பொருளில் குறை காண்பவர்கள் உண்டு; இந்தச் சரிபார்ப்பு அந்த வீண் அலைச்சலைத் தவிர்க்கும்.

நிறுவும் முறை

மடிக்கணினியானால் மின்கலம் நிறைந்திருக்கட்டும். மேசைக் கணினியானால் யூ.பீ.எஸ். இணைப்பில் இருக்கட்டும். நிறுவுதல் நடக்கும்போது மின்சாரம் போனால் பாதி நிறுவிய நிலையில் நின்றுவிடும். அதைத் துப்புரவாக்குவது புதியவருக்குச் சிரமமான வேலை. திறந்திருக்கும் லிப்ரே ஒஃபிஸ் சாளரங்களை மூடிவிட்டு, இறக்கிய கோப்பை இரட்டைச் சொடுக்குச் செய்யுங்கள். அறியப்படாத வெளியீட்டாளர் என்ற எச்சரிக்கையை விண்டோஸ் காட்டினால், சரிபார்ப்பு எண் ஒத்திருந்தது என்ற உறுதியோடு தொடரலாம்; அந்த உறுதி இல்லாவிட்டால் தொடரக் கூடாது.

முதலில் தோன்றும் திரையிலேயே நிறுவப்போகும் மென்பொருளின் பெயர் எழுதப்பட்டிருக்கும். அங்கே 'லிப்ரே ஒஃபிஸ் டெவ்' என்று இருக்க வேண்டும். வெறுமனே 'லிப்ரே ஒஃபிஸ்' என்று இருந்தால் நீங்கள் இறக்கியது பீட்டா அன்று. அந்த இடத்திலேயே 'கான்சல்' அழுத்தி வெளியேறுங்கள். பெயர் சரியாக இருந்தால் அடுத்த திரையில் 'டிப்பிக்கல்', 'கஸ்டம்' என்ற இரண்டு தெரிவுகள் வரும். முன்னையது உங்கள் விண்டோஸின் மொழியைப் பார்த்து இடைமுக மொழியைத் தானே முடிவு செய்துவிடும். விண்டோஸ் ஆங்கிலத்தில் இருந்து, மென்பொருளைத் தமிழ் இடைமுகத்தில் பார்க்க விரும்பினால், 'கஸ்டம்' என்பதைத் தெரிவு செய்து, கூடுதல் இடைமுக மொழிகளின் பட்டியலை விரித்து, தமிழைச் சேர்க்க வேண்டும். இதைச் செய்யும்படி நான் எல்லோரையும் கேட்டுக்கொள்வேன், ஏனெனில் தமிழ் மொழிபெயர்ப்பில் சொற்கள் நீண்டு பொத்தானுக்கு வெளியே வழிவதும், பட்டியலில் பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாக நிற்பதும் இப்படி நிறுவியவர்களுக்கு மட்டுமே தெரியும்.

வேர்ட், எக்ஸெல், பவர்பொயின்ட் கோப்புகளை இந்த மென்பொருளே திறக்கட்டுமா என்று கேட்கும் திரை வந்தால், எல்லாப் பெட்டிகளையும் வெறுமையாக விடுங்கள். அவற்றில் சரி அடையாளம் இட்டால், நாளை அலுவலகத்தில் வேறொருவர் ஒரு கோப்பை இரட்டைச் சொடுக்குச் செய்யும்போது, அவர் அறியாமலே அது பீட்டாவில் திறந்துகொள்ளும். கணினி தொடங்கும்போதே மென்பொருளை ஏற்றி வைக்கும் தெரிவையும் விட்டுவிடுங்கள். பின்னர் 'இன்ஸ்டால்' அழுத்தினால் சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும்.

உபுண்டு போன்ற லினக்ஸ் கணினிகளில், இறக்கிய பொதியை விரித்தால் டெப் கோப்புகள் நிறைந்த ஒரு கோப்புறை கிடைக்கும், அவற்றை டி.பி.கே.ஜி. கட்டளையால் ஒருசேர நிறுவலாம். பீட்டா 'ஒப்ட்' என்னும் தனி இடத்துக்குப் போய்விடுவதால் இயங்குதளத்தோடு வந்த பதிப்பு அப்படியே இருக்கும். தமிழ் இடைமுகப் பொதியை அங்கே தனியாக இறக்க வேண்டும்.

நிறுவிய பின், 'ஹெல்ப்' பட்டியலில் உள்ள 'அபவுட்' என்பதைத் திறந்து பதிப்பு எண்ணைப் பாருங்கள். அந்தப் பெட்டியில் உள்ள பிரதியெடுக்கும் பொத்தானை அழுத்தினால் பதிப்பு, தொகுப்பு அடையாளம், இயங்குதளம், மொழி அமைப்பு ஆகிய எல்லா விவரங்களும் ஒருசேரப் பிரதியாகும். அவற்றை ஒரு குறிப்புக் கோப்பில் ஒட்டிச் சோதனைக் கோப்புறையிலேயே வையுங்கள். வழுவைத் தெரிவிக்கும்போது முதலில் கேட்கப்படுவது அதுதான்.

எதைச் சோதிப்பது

மென்பொருளைத் திறந்து இரண்டு வரி தட்டச்சுச் செய்து பார்த்துவிட்டு, நன்றாகத்தான் இருக்கிறது என்று மூடிவிடுவது சோதனை ஆகாது. சோதனைக் கோப்புறையில் உள்ள ஓர் ஆவணத்தை நிலையான பதிப்பிலும் பீட்டாவிலும் பக்கத்துப் பக்கத்தில் திறந்து ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒரே கணினியில், ஒரே எழுத்துருவோடு, ஒரே அச்சுப்பொறியோடு இருப்பதால், வேறுபாடு தென்பட்டால் அதற்குக் காரணம் மென்பொருளின் மாற்றமே என்று துணிந்து சொல்லலாம். இப்படிச் சொல்லக்கூடிய ஒருவரின் குறிப்பைத்தான் மென்பொருளாளர்கள் மிகவும் விரும்புகிறார்கள்.

கடிதத் தலைப்பிலிருந்து தொடங்குங்கள். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் உள்ள தலைப்பு திருகோணமலையில் அன்றாட வழக்கம்; உலகின் பிற இடங்களில் அது அரிது. லிப்ரே ஒஃபிஸ் எழுத்துகளை மேற்கத்தேயம், ஆசியம், சிக்கலான எழுத்தமைப்பு என்று மூன்று பிரிவாக வைத்து, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒவ்வோர் எழுத்துருவை நினைவில் வைத்திருக்கிறது. தமிழும் சிங்களமும் மூன்றாவது பிரிவில் ஒன்றாக விழுகின்றன. ஆகவே ஒரு பாணியில் தமிழ் எழுத்துரு ஒன்றைக் குறித்து வைத்தால், அதே பாணியில் வரும் சிங்கள வரிக்கு அந்த எழுத்துரு பொருந்தாமல், மென்பொருள் தானாக வேறோர் எழுத்துருவைத் தேடி எடுக்கும். எதை எடுக்கிறது என்பது பதிப்புக்குப் பதிப்பு மாறினால் வரியின் உயரம் மாறும். வரியின் உயரம் மாறினால் ஒரு பக்கக் கடிதம் இரண்டு பக்கமாகும். விண்டோஸில் உள்ள நிர்மலா யூ.ஐ. எழுத்துருவில் தமிழும் சிங்களமும் இரண்டும் இருக்கின்றன. ஆனால் நோட்டோ என்னும் இலவச எழுத்துருக்களில் தமிழுக்கு ஒன்று, சிங்களத்துக்கு வேறொன்று. இரண்டு வகையிலும் ஒரே தலைப்பைச் செய்து இரண்டு பதிப்பிலும் ஒப்பிடுங்கள். சிங்கள வரியில் 'ஸ்ரீ லங்கா' என்ற பெயரைக் கூர்ந்து பாருங்கள். அந்த முதலெழுத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறியீடு ஒன்று இருக்கிறது. அது எங்கேனும் தவறிப்போனால் எழுத்து உடைந்து தனித்தனியாக நிற்கும். சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் தாளைக் காட்டி ஒருமுறை வாசிக்கச் சொல்வது மிகவும் பயனுள்ளது.

தமிழிலும் 'ஸ்ரீ' கவனத்துக்குரியது. இதை ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், 2005 இல் ஒருங்குறியில் (யூனிகோட்) சேர்க்கப்பட்ட ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். திரையில் இரண்டும் பெரும்பாலும் ஒரே மாதிரியே தோன்றும். அதுபோலவே 'கொ', 'கோ', 'கௌ' ஆகியவற்றின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் தட்டச்சலாம், முன்னும் பின்னும் நிற்கும் இரண்டு குறியீடுகளாகவும் தட்டச்சலாம். விசைப்பலகை செயலியைப் பொறுத்து இது மாறுகிறது. ஒரு பந்தியில் இவ்விரு வகையும் இருக்கும்படி எழுதிவிட்டு, தேடிப் பாருங்கள். பின்னழிப்பு விசையை ஒருமுறை அழுத்தினால் என்ன போகிறது என்று பாருங்கள். அம்பு விசையால் நகரும்போது சுட்டி எழுத்தின் நடுவில் போய் நிற்கிறதா என்று பாருங்கள். நிலையான பதிப்பும் பீட்டாவும் ஒரே மாதிரி நடந்துகொண்டால் அது பழைய குணம். பீட்டாவில் மட்டும் மாறினால் அது புதிய வழு.

பாமினி எழுத்துருவில் செய்த பழைய கோப்புகள் எல்லா அலுவலகங்களிலும் இருக்கின்றன. அவற்றைச் சோதிக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: பாமினியில் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளின் குறியீடுகள், தமிழாகத் தோன்றுவது எழுத்துருவின் வேலை மட்டுமே. எனவே கணினியில் பாமினி நிறுவப்படாமல் இருந்து, பீட்டா அந்தக் கோப்பைப் பொருளற்ற ஆங்கிலமாகக் காட்டினால் அது மென்பொருளின் வழு அன்று. எழுத்துரு இருந்தும் அப்படிக் காட்டினால்தான் கவலைப்பட வேண்டும்.

அடுத்து பீ.டி.எஃப். ஆக மாற்றிப் பாருங்கள். மாற்றிய கோப்பைத் திறந்து ஒரு பந்தியைப் பிரதியெடுத்து வேறோர் இடத்தில் ஒட்டி, கொம்பும் ஐகாரக் குறியும் உரிய மெய்யோடு வந்திருக்கின்றனவா என்று வாசியுங்கள். திரையில் அழகாகத் தோன்றும் பீ.டி.எஃப். உள்ளே எழுத்துகள் குழம்பியிருக்கலாம். அப்படிப்பட்ட கோப்பில் யாரும் ஒரு பெயரைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

அட்டவணை மென்பொருளான கால்க்கில் அங்கத்தவர் பட்டியலைத் திறந்து, வரிசையாக்கத் தெரிவுகளில் மொழியைத் தமிழ் என்று வைத்து, பெயர்களை வரிசைப்படுத்துங்கள். நெடுங்கணக்குப்படி ஜ, ஷ, ஸ, ஹ ஆகியவற்றில் தொடங்கும் பெயர்கள் 'ன' வரிசைக்குப் பின்னர் வர வேண்டும். 'ச'வுக்கும் 'ஞ'வுக்கும் நடுவில் 'ஜெயந்தி' வந்து நின்றால் அது குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி. இதே பட்டியலை வைத்து ஒவ்வோர் அங்கத்தவருக்கும் பெயர் இட்டுக் கடிதம் உருவாக்கும் வசதியையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். இறுதியாக, உண்மையான தாளில் ஒரு பக்கமாவது அச்சிடுங்கள்.

திரையில் எழுத்துகள் மறைவது, சிதறுவது, கறுப்புக் கட்டங்கள் தோன்றுவது போன்றவை பழைய வரைகலை அட்டை உள்ள கணினிகளில் நேரலாம். 'ஹெல்ப்' பட்டியலிலிருந்து பாதுகாப்பு முறையில் மறுதொடக்கம் செய்து, வன்பொருள் முடுக்கத்தை (ஹார்ட்வெயர் அக்சலரேசன்) நிறுத்திப் பாருங்கள். சிக்கல் மறைந்துவிட்டால் காரணம் அந்தப் பக்கம் இருக்கிறது. இதையும் குறிப்பில் எழுதுங்கள்.

சோதனை முடிந்து பீட்டா தேவையில்லை என்றால், விண்டோஸ் அமைப்புகளில் செயலிகளின் பட்டியலுக்குச் சென்று 'டெவ்' என்ற பெயருள்ளதை மட்டும் நீக்குங்கள். 'ரோமிங்' கோப்புறைக்குள் 'டெவ்' பெயரில் உள்ள அமைப்புக் கோப்புறையையும் அழித்துவிடலாம்.

கண்டதைத் தெரிவிப்பது

டொக்யுமென்ட் ஃபவுண்டேசனின் வழுப் பதிவேடு பக்சில்லா என்னும் மென்பொருளில் இயங்குகிறது. மின்னஞ்சல் முகவரி ஒன்றைக் கொடுத்துக் கணக்குத் திறந்தால் எவரும் எழுதலாம். எழுதுமுன் 'டமில்' என்ற ஆங்கிலச் சொல்லையிட்டுத் தேடி, அதே குறையை வேறு யாரும் சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள். சொல்லியிருந்தால் அதன் கீழ் உங்கள் பதிப்பு விவரத்தைச் சேர்ப்பதே போதுமானது. புதிதாக எழுதினால் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். நல்ல ஆங்கிலம் தேவையில்லை: எந்தக் கோப்பைத் திறந்தேன், எதை அழுத்தினேன், என்ன நடந்தது, என்ன நடந்திருக்க வேண்டும், நிலையான பதிப்பில் எப்படி இருந்தது என்று குறுகிய வாக்கியங்களாக எழுதினால் புரிந்துகொள்வார்கள். இரண்டு பதிப்புகளின் திரைப்பிடிப்புகளையும் (ஸ்கிரீன்ஷொட்) பக்கத்துப் பக்கத்தில் வைத்து, பிழையான எழுத்தைச் சிவப்பு வட்டமிட்டுக் காட்டுங்கள். தமிழ் தெரியாதவருக்கு எது சரி, எது பிழை என்பதை அந்த வட்டம் ஒன்றுதான் சொல்லும்.

இணைக்கும் கோப்பைப் பற்றி மிகுந்த எச்சரிக்கை வேண்டும். பக்சில்லாவில் ஏற்றப்படும் கோப்பை உலகில் எவரும் இறக்கிப் பார்க்கலாம். அங்கத்தவர்களின் பெயர், தேசிய அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு எண், தொலைபேசி எண், கையொப்பம் எதுவும் அதில் இருக்கக் கூடாது. எல்லா எழுத்துகளையும் ஆங்கில எழுத்தொன்றால் மாற்றிவிடும் முறை பிற மொழிக்காரர்களுக்கு உதவும். தமிழ் எழுத்துத் தொடர்பான வழுவில் அப்படிச் செய்தால் வழுவே மறைந்துவிடும். ஆகையால் புதிதாக ஓர் ஆவணம் தொடங்கி, பிசகு தோன்றும் சொல்லை மட்டும், அல்லது அதே எழுத்துகள் வரும் வேறொரு பொதுச் சொல்லை எழுதி, அதிலும் பிசகு தோன்றுகிறதா என்று பார்த்து, அந்தச் சிறிய கோப்பை இணையுங்கள். கோப்பு எவ்வளவு சிறியதோ அவ்வளவு விரைவில் காரணம் கண்டுபிடிக்கப்படும்.

உங்கள் குறிப்பு முதலில் உறுதிப்படுத்தப்படாதது என்ற நிலையில் இருக்கும். வேறொருவர் தம் கணினியில் அதைச் செய்து பார்த்து ஒப்புக்கொண்ட பின்னர் நிலை மாறும். கூடுதல் விவரம் கேட்டு மின்னஞ்சல் வரலாம்; பதில் கிடைக்காத குறிப்புகள் காலப்போக்கில் மூடப்பட்டுவிடும் என்பதால், அந்தச் சில வாரங்களில் அஞ்சற்பெட்டியைக் கவனித்துக்கொள்ளுங்கள். திருத்தப்பட்டது என்ற அறிவிப்பு வந்தால், எந்தப் பதிப்பிலிருந்து திருத்தம் சேரும் என்பதும் அங்கேயே குறிக்கப்பட்டிருக்கும். அந்தப் பதிப்பை இறக்கி, அதே சிறிய கோப்பைத் திறந்து பார்த்து, சரியாகிவிட்டது என்றோ, இன்னும் இருக்கிறது என்றோ அந்தக் குறிப்பின் கீழ் ஒரு வரி எழுதிவிடுங்கள்.